நாயகம் அண்ணை கழுவிய வாளிகள்

மோர்டன் ஸ்டேஷனுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றபோதுதான் செய்தி வந்தது. எங்கள் கோயில் பங்கின் வாட்ஸ்அப் குழுவில், ஒரு மெழுகுதிரிப் படத்துக்குக் கீழே, மரியநாயகம் அண்ணை அன்று காலை ஆஸ்பத்திரியில் காலமானார் என்று இரண்டே வரி. அதற்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக விழத் தொடங்கின. நான் கை எதையும் போடவில்லை. போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறி மேல்தட்டில் போய் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. மனுஷன் தப்பிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. ஒன்பது வருடமாக அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அதைச் சொல்லாமலே போய்விட்டார்.

இது அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக எழுதப்படுகிறது. வாசிக்கப்போகும் நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். பாதிப் பேராவது அவருடைய கராஜில் இருந்து பியர் குடித்தவர்கள். மற்றப் பக்கங்களில் அவரை அன்பானவர், பண்பானவர், கேட்டவருக்கெல்லாம் உதவியவர் என்று எழுதியிருப்பார்கள். இந்தப் பக்கத்தில் அது இருக்காது. என்னைக்கொண்டு எழுதுவிக்கச் சொன்னவர் அவரேதான் என்று அவருடைய மனைவி றீற்றா அக்கா சொன்னார். ஏன் அப்படிச் சொன்னார் என்பதை அந்த இடம் வரும்போது எழுதுகிறேன்.

என்னையும் உங்களுக்குத் தெரியும். என் பெயர் சகாயநாதன். ஆனால் உங்களில் பலர் என்னை அந்தப் பெயரால் அழைத்து நெடுநாளாகிறது. புளிப்பர் என்கிறீர்கள். நேரே சொல்லாதவர்கள் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் சொல்கிறீர்கள். அந்தப் பெயரை எனக்கு வாங்கித் தந்தவர் நாயகம் அண்ணை. ஆகவே அவரைப் பற்றி எழுதுவதற்கு எனக்குத் தகுதி இல்லையென்று யாரும் சொல்லமுடியாது.

அவர் மன்னார்ப் பக்கத்து ஆள். லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில் பல வருடம் இருந்தார். அங்கே ஒரு சிறிய நகரத்து பியர் ஆலையில், ஆள் உள்ளே இறங்கக்கூடிய பெரிய கலன்களைக் கழுவுவதுதான் அவர் வேலை. பியர் காய்ச்சும் பக்கமே அவரை விடவில்லையாம். அந்தக் குறையை இங்கே மோர்டனில் தன் வீட்டுக் கராஜில் தீர்த்துக்கொண்டார். வார நாட்களில் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை, சனிக்கிழமை முழுதும் கராஜ். பியர் காய்ச்சக் கற்றுத்தாருங்கள் என்று போனவர்களுக்கெல்லாம் அவர் முதல் மூன்று சனிக்கிழமையும் கழுவத்தான் கொடுத்தார். நாலாவது சனிக்கிழமைக்கு ஆள் வராது. "ஜெர்மன்காரன் பியர் காய்ச்சிறேல்லை. கழுவுறான். பியர் தன்பாட்டிலை வரும்" என்பார். நான் நாலாவது சனிக்கிழமையும் போனேன். அது என் பிழை.

முதல் நாளே என்னை அவமானப்படுத்தினார் என்பதைப் பதிவு செய்யவேண்டும். நான் அப்போது ஒரு ரெஸ்டோரண்ட் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவுவதில் எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை என்று நினைப்பு. அவர் தந்த பிளாஸ்டிக் வாளியில் பழைய நுரை காய்ந்து வளையமாக ஒட்டியிருந்தது. இரும்பு நார் எடுத்து, சவர்க்காரம் போட்டு, என் வேலைத்தலத்தில் செய்வதுபோலத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து நீட்டினேன். அவர் டோர்ச் லைட்டை வாளிக்குள் விட்டுப் பார்த்தார். உள்சுவர் முழுதும் மயிரிழை போலக் கீறல்கள். "கிருமிக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கிறீர்" என்றார். பிறகு மரம் அறுக்கும் வாளை எடுத்து அந்த வாளியை நடுவால் அறுத்தார். இனி யாரும் தெரியாத்தனமாக அதில் பியர் ஊற்றிவிடக்கூடாதாம். அந்த வருடக் கோடையில் றீற்றா அக்கா அதன் அடிப்பாதியில் மிளகாய்க் கன்று வைத்தார். நான் போகும்போதெல்லாம் அந்தக் கன்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவருடைய முறையை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பியர் இறக்கிய உடனேயே வாளியைக் குளிர்ந்த தண்ணீரால் அலசவேண்டும், காயவிடக்கூடாது. பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவும் பவுடர் கரைத்து விடியும்வரை ஊறவைக்கவேண்டும். ஒட்டியது தானாகக் கழன்று வரும். மெத்தென்ற துணியால் மட்டும் துடைக்கலாம். வாளியின் அடியில் இருக்கும், பியர் இறக்கும் பைப்பைக் கழற்றி, அதன் ஐந்து துண்டுகளையும் வேறுவேறாக, பல் விளக்கும் பிரஷால் தேய்க்கவேண்டும். நல்ல தண்ணீரில் அலசிய பிறகுதான் சானிடைசர். அதை ஊற்றி மூடி, வாளியைச் சுற்றிச் சுற்றிக் குலுக்கி, நுரை எல்லா இடமும் படவிட்டுக் கவிழ்த்துவிடவேண்டும். மிஞ்சிய நுரையைக் கழுவக்கூடாது, துடைக்கக்கூடாது. அதற்குப் பிறகு பியரையும் ஈஸ்டையும் தவிர வாளிக்குள் ஒன்றும் போகக்கூடாது. கையும் போகக்கூடாது, மூச்சும் போகக்கூடாது.

ஒருநாள் நுரை மிஞ்சியிருக்கிறதே என்று, வீட்டிலிருந்து கொண்டுபோன, தோய்த்து இஸ்திரி போட்ட துவாயால் உள்ளே ஒரு தரம் துடைத்துவிட்டேன். அவர் அந்தத் துவாயை வாங்கி மோந்து பார்த்து, மடித்து என் தோளில் போட்டுவிட்டு, பவுடர் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். முதலிலிருந்து எல்லாம் மறுபடி. காலை பத்து மணிக்குத் தொடங்கிய வேலை மறுநாள் பூசைக்குப் பிறகுதான் முடிந்தது. "கண்ணுக்குச் சுத்தம் வேறை, கிருமிக்குச் சுத்தம் வேறை" என்று அன்று சொன்னார். அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் துவாயை வீட்டுக்குப் போகும் வழியில் குப்பைத்தொட்டியில் எறிந்தேன். மனைவி அதைக் கேட்டு ஒரு கிழமை, ஏழு நாளும், சண்டை பிடித்தார்.

எனக்கு மட்டும்தான் இப்படி என்றில்லை. பங்குச் சுவாமியார் ஒருமுறை கராஜைப் பார்க்க வந்தார். நல்ல மனுஷன், பியரில் ஆசையுள்ளவர். மூடி சற்று விலகியிருந்த வாளி ஒன்றின் மேல் குனிந்து வாசம் பிடித்தார். நாயகம் அண்ணை மரியாதையாகத்தான் சொன்னார். "சுவாமி, மூக்கை எடுங்கோ." சுவாமியார் சிரித்துக்கொண்டு நிமிர்ந்தார். றீற்றா அக்கா வெட்கத்தில் உள்ளே போய்விட்டார். ஆண்டவரே இறங்கி வந்தாலும் கை கழுவச் சொல்லுவார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அந்தக் கராஜில் அவர் துடைக்காத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. வாளிகளுக்கு மேலே ஒரு தட்டில் மடுமாதா படம், படத்துக்குக் கீழே கடதாசியில் மடித்த ஒரு சிறு பொட்டலம். அதற்குள் மடு மண். மன்னார்ப் பக்கத்து மடுமாதா கோயில் மண் பாம்புக் கடியையும் முறிக்கும் என்று எங்கள் சனம் நம்புவதும், போகிறவர்கள் எல்லோரும் ஒரு பிடி கொண்டுவருவதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. என் மகள் ஜெனி கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு கிழமை காய்ச்சல் விடவில்லை. அவர்தான் அந்த மண்ணில் ஒரு சிட்டிகை துணியில் முடிந்துகொண்டு வந்து தலையணைக்கு அடியில் வைத்தார். அவர் ஜெனியின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தன்று அவளைத் தொட்டு நின்றவர் என்பதால் அவள் வாயில் அவர் தொட்டப்பா. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஜெனி ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் என் காருக்கு வரமாட்டாள், தொட்டப்பாவின் காருக்குத்தான் ஓடுவாள்.

ஆகவே அவள் கலியாணம் என்றதும் அவர் ஒரு முடிவோடு வந்தார். மண்டபத்தில் மணமக்களை வாழ்த்திக் கிளாஸில் தூக்குவது தன் கையால் காய்ச்சியதாகத்தான் இருக்கவேண்டும். பெண்களும் குடிக்கவேண்டும் என்பதால் இஞ்சி பியர். சாதாரண பியரில் ஹொப்ஸ் என்ற கசப்புப் பூ போடுவார்கள், அது கிருமியைக் கொஞ்சம் அண்டவிடாது. இஞ்சி பியரில் அது இல்லை. அதனால் வாளி வழமையைவிட இரண்டு மடங்கு சுத்தமாக இருக்கவேண்டும் என்றார். முப்பது லீற்றர் பிடிக்கும் புது வாளி ஒன்று வாங்கினார். கழுவுகிற வேலையை என்னிடம் தந்தார். பெண்ணின் தகப்பன் கழுவவேண்டும், ஞானத்தகப்பன் காய்ச்சவேண்டும் என்று அவரே ஒரு முறை உண்டாக்கினார். அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அன்று நான் எப்படிக் கழுவினேன் என்பது நேற்று நடந்ததுபோல நினைவிருக்கிறது. பைப்பைக் கழற்றினேன். ஐந்து துண்டுகளையும் ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் போட்டு ஊறவைத்தேன். ரப்பர் வளையத்தைக் காணவில்லையென்று பதறி, கடைசியில் அது என் பெருவிரலில் மாட்டியிருந்ததைக் கண்டு நானே சிரித்தேன். எல்லாம் முடித்து, சானிடைசரைக் கவிழ்த்து, மூடியை மூடினேன். பிறகு அடுப்பிலேயே ஆறவைத்திருந்த இஞ்சித் தண்ணீர்ப் பானையை எடுக்கக் குசினிக்குப் போனேன். அது கனமான பானை. படி இறங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

போத்தலில் அடைத்த நாளில் ருசி பார்த்தோம். காரம் இருந்தது, இனிப்பு இருந்தது, ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு ஆறு கிழமை அறுபது போத்தலும் கராஜில் இருந்தன. இடையில் ஒன்றைத் திறந்து பார்ப்போம் என்று கேட்டேன். பிள்ளையின் போத்தலைப் பிள்ளைக்கு முன்னம் யாரும் திறக்கக்கூடாது என்று மறுத்துவிட்டார்.

தோர்ண்டன் ஹீத் மண்டபம். மாப்பிள்ளை வீட்டார் சவுத்தாலில் இருந்து வந்திருந்தார்கள், எங்களைவிடக் கொஞ்சம் வசதியான ஆட்கள். நாயகம் அண்ணை கோட் போட்டு, மைக்கைப் பிடித்து, பிள்ளையைப் பற்றி அழகாகப் பேசி முடித்தார். மேசைகளில் போத்தல்களைத் திறக்கச் சொன்னார். முதல் போத்தல் திறந்த சத்தம் கேட்டது, பிறகு ஒரு அலறல். திறந்த போத்தலெல்லாம் நுரையாகப் பொங்கி மேசையில் ஓடியது. மாப்பிள்ளையின் தாயார் கட்டியிருந்த சந்தன நிறப் பட்டுச் சேலை மார்பிலிருந்து மடிவரை நனைந்தது. மண்டபம் முழுதும் புளித்த ஊறுகாய் மணம். கிளாஸில் ஊற்றக் கிடைத்த கொஞ்சத்தையும் குடித்தவர்கள் முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தார்கள். எல்லோரும் மைக்கோடு நின்றவரைப் பார்த்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மைக்கில் சொன்னார்.

"எல்லாரும் மன்னிக்க வேணும். வாளி கழுவினது நானில்லை, பொம்பிளையின்ரை தேப்பன். பைப்பைக் கழட்டாமக் கழுவியிருக்கிறான்."

அதுவரை என்னை நீர் என்று சொன்னவர். நானூறு பேருக்கு முன்னால் அவர் முதல் தடவை என்னை அவன் இவன் என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள், பிறகு பலர் சிரித்தார்கள். என் மகளின் கலியாணம் என்பதால் நானும் சிரித்தேன். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். வேறு யாரும் மறந்திருக்கலாம், நான் ஒரு முகத்தையும் மறக்கவில்லை.

மறுநாள் கராஜுக்குப் போனேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பைப்பைக் கழற்றினேன் என்றேன். திரும்பவில்லை. "பைப்பாலைதான் வந்திருக்கும். வேறை வழியில்லை" என்றார். கழற்றினேன் என்று மறுபடி சொன்னேன். "அப்ப நீர் வடிவாக் கழுவேல்லை" என்றார். வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம். நான் அந்தக் கராஜுக்குள் பிறகு கால் வைக்கவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கிழமைக்குள் எனக்குப் பெயர் வைத்துவிட்டீர்கள். திருநாள் சமையலில் பதினைந்து வருடம் அண்டா கழுவியவன் நான். அந்த வருடம் என்னைக் கார் நிறுத்துமிடத்துக்கு அனுப்பினீர்கள், மஞ்சள் சட்டை போட்டு வண்டிகளுக்குக் கை காட்ட. இன்றுவரை அதைத்தான் செய்கிறேன். அது பரவாயில்லை. ஆனால் ஒன்று இருக்கிறது, இதுவரை மனைவியிடம்கூடச் சொல்லாதது. சில வருடம் போனதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஐந்து துண்டா நாலு துண்டா என்று நினைத்துப் பார்ப்பேன். வீட்டில் இருக்கும் தண்ணீர் ஃபில்டரின் பைப்பைக் கிழமைக்கு இரண்டு தரம் கழற்றிக் கழுவுவேன். என் கையை நானே நம்பாத நிலைக்கு அந்த மனிதர் என்னைக் கொண்டுவந்தார். அதற்கு அவரை நான் மன்னிக்கவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. ஜெனியிடம் இனி அந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்றேன். அவள் அழுதாள், வாதாடினாள், கடைசியில் எனக்காக விட்டுவிட்டாள். அவளுடைய மகனுக்கு இப்போது ஏழு வயது. அவனைத் தொட்டப்பா கோயிலில் உட்காரும் வாங்கில்களுக்கு மேலால் தூரத்தில் பார்த்ததோடு சரி. கடந்த தவக்காலத்தில் ஒரு ஞாயிறு பூசையில், இடம் இல்லாமல் அவர் எனக்கு முன் வரிசையில் வந்து உட்கார்ந்தார். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் திரும்பி எனக்குக் கை நீட்டினார். கை மெலிந்திருந்தது. நோய் வருத்தம் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் அந்தக் கையைப் பார்த்து, "கழுவினதோ?" என்று கேட்டேன். அவர் கையை மெல்ல எடுத்துக்கொண்டு பீடத்தின் பக்கம் திரும்பினார். நான் மிகவும் திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

அடக்கத்துக்குப் போனேன், மனைவி பிடித்து இழுத்துக்கொண்டு போனதால். சேமக்காலையில் குழியைச் சுற்றி நின்றபோது மழை தூறியது. வரிசையாக வந்து எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன், போடவில்லை.

இரண்டு கிழமை கழித்து றீற்றா அக்கா போன் செய்தார். ஒரு கதை இருக்கிறது, நேரே வாங்கோ தம்பி என்றார். போனேன். முன்அறையில் அவருடைய படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அக்கா தேத்தண்ணி தந்து, எதிரே உட்கார்ந்து, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு சொன்னார்.

அன்று நான் பானை எடுக்கக் குசினிக்குப் போன நேரம், அக்கா அகப்பையைக் கொண்டு கராஜின் பக்கக் கதவடிக்கு வந்திருக்கிறார். நாயகம் அண்ணை நான் மூடிய மூடியைத் திறந்து நின்றாராம். தட்டில் இருந்து பொட்டலத்தை எடுத்து, சிலுவை அடையாளம் போட்டு, மடு மண்ணில் ஒரு சிட்டிகையை வாளிக்குள் போட்டாராம். என்னப்பா இது என்று அக்கா கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு, புகுந்த வீட்டில் ஒரு கண்ணும் படக்கூடாது என்றாராம். பழுதாகிவிடாதா என்று அக்கா கேட்டதற்கு, பாம்பு விஷத்தையே முறிக்கிற மண் பியரைக் கெடுக்குமோ என்று சிரித்தாராம். நான் பானையோடு வந்தபோது மூடி பழையபடி மூடியிருந்தது.

என் மூச்சை, என் துவாயை, சுவாமியாரின் மூக்கை அண்டவிடாத மனிதர். சானிடைசர் ஊற்றிய வாளிக்குள் ஒரு கோயில் வளவு மண்ணைப் போட்டிருக்கிறார். மண்ணில் இருக்கும் கிருமி வேறெதிலும் இல்லை என்று எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே கராஜுக்குள் இருந்திருக்கின்றன.

மண்தான் காரணம் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். மண்டபத்தில் முதல் போத்தல் பொங்கினபோதே தெரியும் என்றார் அக்கா. அன்று இரவு முழுக்க அவர் கட்டிலில் எழும்பி இருந்தாராம். சகாயத்திடம் போய்ச் சொல்லுங்கள் என்று அக்கா எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார்.

"அவர் என்ன சொன்னவர் தெரியுமே தம்பி? மாதாவின்ரை மண்ணிலை பிழையெண்டு நான் எந்த வாயாலை சொல்லுறது, சகாயம் எண்டா தாங்குவான் எண்டார்."

நான் தாங்கவில்லை. அதை இங்கே அச்சில் பதியவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதச் சம்மதித்தேன். நாயகம் அண்ணை, நான் தாங்கவில்லை. மாதாவுக்கு ஒரு குறையும் வந்திருக்காது. மண் என்ன செய்யும், அது மண். போட்ட கைதான் பிழை. அந்தக் கை உங்களுடையது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே உங்களைக் கட்டிப்பிடித்திருப்பேன். பிள்ளைமேல் வைத்த ஆசையில் செய்தீர்கள் என்று ஊருக்கே சொல்லியிருப்பேன். நீங்கள் கோழையாக இருந்தீர்கள். ஒன்பது வருடம் கோழையாக இருந்தீர்கள். தவக்காலத்தில் நீட்டிய அந்தக் கை இதைச் சொல்லத்தான் வந்ததா என்று நான் இனி யாரிடம் கேட்பேன்?

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை அவர் அக்காவிடம் சொன்னாராம், மலரில் சகாயத்தைக்கொண்டு எழுதுவி, அவன் எனக்காகப் பொய் எழுதமாட்டான் என்று. சாவதற்கு முன் தன்னால் சொல்ல ஏலாததை என் கையால் சொல்லவைத்திருக்கிறார். கழுவுகிற வேலையைக் கடைசியிலும் என் தலையில்தான் போட்டார். உங்களுக்கு இதில் சம்மதமோ என்று அக்காவைக் கேட்டேன். "எழுதுங்கோ தம்பி. ஒண்டையும் விடாமல் எழுதுங்கோ" என்றார்.

அன்று மாலை ஜெனி வந்தாள். எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்தது, மேசையில் தட்டினேன், அந்த மனிதனை ஏசக்கூடாத சொல்லெல்லாம் சொல்லி ஏசினேன். நான் முடித்த பிறகு, "அப்பா, தொட்டப்பா அதை எனக்காகவா போட்டவர்?" என்று மட்டும் கேட்டாள். அவள் மகனைக் கூட்டிக்கொண்டு நேரே றீற்றா அக்கா வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது அந்தக் கடதாசிப் பொட்டலம் அவள் கையில் இருந்தது.

எனக்கு அக்கா அந்த வாளியைத் தந்தார். கலியாணத்துக்கென்று வாங்கிய அதே முப்பது லீற்றர் வாளி. ஒன்பது வருடமாக அவர் அதில் ஒன்றும் ஊற்றவில்லையாம். கழுவிக் கழுவிக் கவிழ்த்து வைப்பாராம். அதைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, எங்கள் குசினித் தொட்டியடியில் வைத்து, உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்த வாளி, கழுவும் முறை, இன்னும் ஆறாத கோபம். கோபத்தை யாருக்கும் கொடுக்கும் எண்ணம் இல்லை.

நேற்றுக் காலை பவுடர் கரைத்து வாளியை ஊறவைத்தேன். பைப்பைக் கழற்றி வெள்ளைக் கோப்பைக்குள் போட்டு எண்ணினேன். ஐந்து துண்டு. அன்றும் ஐந்துதான், நாயகம் அண்ணை. அன்றும் நான் கழற்றித்தான் கழுவினேன். அது உங்களுக்குத் தெரியும்.